வானளாவிய கட்டடங்கள் எப்படிப் பிறந்தன? குழந்தைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறுவர் வாசிப்பு வட்டத்தில் உயரமான கட்டடங்களின் படத்தை எடுத்துக் காட்டினால் போதும், கேள்விகள் வந்து குவியும். வருஷம் மாறுகிறது, பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்து இங்கே வைத்திருக்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் தாங்களே படிக்கலாம். அதைவிடச் சின்னவர்களுக்குப் பெரியவர்கள் படித்துக் காட்டலாம். வரிசையாகப் படிப்பது நல்லது, ஏனென்றால் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பின்னால் உள்ள பதில்கள் போகும்.

எத்தனை மாடி இருந்தா அது வானளாவிய கட்டடம்?

எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் ஒன்றும் கிடையாது. 1885-இல் 10 மாடி என்றாலே அதிசயம். இன்று அது சாதாரணம். இப்போது 150 மீட்டரைத் தாண்டினால்தான் பலர் அந்தப் பெயரைக் கொடுக்கிறார்கள்.

உயரத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இவ்வளவு பெரிய கட்டடத்தின் எடையை எது தாங்குகிறது? இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்துலயே முதல் வானளாவிய கட்டடம் எது? யாரு கட்டினாங்க?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1885-இல் கட்டி முடித்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் என்றுதான் பெரும்பாலான புத்தகங்கள் சொல்லும். 10 மாடி, 42 மீட்டர் உயரம். 1891-இல் மேலே இன்னும் 2 மாடி சேர்த்தார்கள். அதை வடிவமைத்தவர் வில்லியம் லெ பாரன் ஜென்னி. பாரிஸில் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவப் பொறியாளராக இருந்தவர்.

"முதல்" என்ற பட்டத்தைப் பற்றி ஒரு தகராறு உண்டு. அது பின்னால் வருகிறது.

பிரமிடு அதைவிட உயரமாச்சே! தஞ்சாவூர் பெரிய கோயில்கூட உயரம்தானே?

சரியாகப் பிடித்தீர்கள். எகிப்தின் கீஸா பிரமிடு கட்டியபோது சுமார் 146 மீட்டர். அதற்கு வயது 4,500 ஆண்டுகள். ராஜராஜ சோழன் கட்டிய பெரிய கோயில் விமானமும் 42 மீட்டரைவிட உயரம்தான்.

ஆனால் பிரமிடுக்குள்ளே கிட்டத்தட்ட முழுக்கக் கல். கோயில் விமானத்துக்குள் மாடி மாடியாக ஏறிப் போய் மேஜை நாற்காலி போட்டு வேலை பார்க்க முடியாது. அவை கும்பிடவும் நினைவாகவும் எழுப்பியவை. வானளாவிய கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் தினமும் இருக்க வேண்டும், வெளிச்சமும் காற்றும் வர வேண்டும். அது வேறு மாதிரியான சிக்கல்.

சுவரையே மேல மேல கட்டிக்கிட்டுப் போனா என்ன?

போகலாம், ஆனால் கீழே இருப்பவர்களுக்கு இடம் மிஞ்சாது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் சுவர்தான் எல்லாச் சுமையையும் தாங்கியது. ஐந்தாம் மாடிச் சுவரை நான்காம் மாடிச் சுவர் தாங்கும், அந்த இரண்டையும் மூன்றாம் மாடிச் சுவர் தாங்கும். கீழே வர வரச் சுமை கூடும், சுவரும் தடிமனாகிக்கொண்டே வர வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கச் சிகாகோவில் ஒரு நல்ல கட்டடம் இருக்கிறது. பெயர் மொனாட்நாக். 1891-இல் கட்டிய அதன் வடக்குப் பாதி 16 மாடி. சுமையைத் தாங்குவது செங்கல் சுவர். தரைமட்டத்தில் அந்தச் சுவரின் தடிமன் 6 அடி! ஒரு பெரியவர் அதற்குள் கால் நீட்டிப் படுக்கலாம். வாடகைக்கு விட வேண்டிய இடத்தை அவ்வளவு தூரம் சுவரே எடுத்துக்கொண்டது. இரண்டே வருஷத்தில் அதையொட்டித் தெற்குப் பாதியைக் கட்டினார்கள். அதற்கு உள்ளே எஃகுத் தூண்கள் போட்டதால் சுவர் அவ்வளவு தடிமனாக இருக்க வேண்டிய தேவையே வரவில்லை. பழைய முறையும் புதிய முறையும் ஒரே கட்டடத்தில் இன்றைக்கும் ஒட்டி நிற்கின்றன.

அப்போ எடையைத் தாங்குறது யாரு?

உங்கள் கையை அழுத்திப் பாருங்கள். வெளியே தோல், உள்ளே எலும்பு. நீங்கள் நிமிர்ந்து நிற்பது எலும்பால்தான், தோலால் இல்லை. ஜென்னியும் அவர் காலத்துப் பொறியாளர்களும் கட்டடத்துக்குள்ளே இப்படி ஓர் எலும்புக்கூட்டை வைத்தார்கள். நிமிர்ந்து நிற்பவை தூண்கள். தூணுக்குத் தூண் குறுக்கே போவது உத்தரம், இன்று கட்டுமான வேலையில் பீம் என்கிறார்கள். தளத்தின் எடை பீமுக்குப் போகும், பீமிலிருந்து தூணுக்கு, தூண் வழியே நேராக மண்ணுக்குள்.

இப்போது சுவருக்கு என்ன வேலை? வெயிலையும் மழையையும் தடுத்தால் போதும். அதனால் சுவர் மெலிந்தது, ஜன்னல் பெரிதானது, உள்ளே வெளிச்சம் வந்தது. இன்று சில கட்டடங்களின் வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கிறதே, அதுவும் இதனால்தான்.

இரும்பு எப்பவோ இருக்கே, ஏன் அவ்வளவு நாள் கழிச்சுக் கட்டினாங்க?

இரும்பில் பல வகை உண்டு. வார்ப்பிரும்பு மேலிருந்து அழுத்தும் எடையை நன்றாகத் தாங்கும். ஆனால் வளைத்தாலோ இழுத்தாலோ படக்கென்று விரிசல் விட்டுவிடும். எஃகு இரண்டையும் தாங்கும். ஆனால் எஃகு செய்ய நாள்கணக்கில் ஆனது, விலையும் அதிகம். கத்திக்கும் கடிகாரத்துக்கும் வாங்கலாம், கட்டடத்துக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது.

1856-இல் இங்கிலாந்தில் ஹென்றி பெஸ்ஸமர் ஒரு வழியை வெளியிட்டார். உருகிய இரும்புக்குள் அடியிலிருந்து காற்றை வேகமாக ஊதுவது. இரும்பில் கூடுதலாக இருக்கும் கரி அந்தக் காற்றில் எரிந்து போகும், பாத்திரத்தின் வாயிலிருந்து தீப்பொறி பூவாணமாகக் கிளம்பும். அரைமணி நேரத்துக்குள் டன் கணக்கில் எஃகு கிடைத்தது. விலை இறங்கியது. முதலில் அதை ரயில் தண்டவாளங்களுக்குத்தான் நிறைய வாங்கினார்கள். ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் இரும்பும் மேல் மாடிகளில் எஃகு பீம்களும் இருந்தன. 1890-இல் அதே சிகாகோவில் கட்டிய ராண்ட் மெக்நாலி கட்டடத்தில் எலும்புக்கூடு முழுவதுமே எஃகு.

லிஃப்ட் கயிறு அறுந்தா எல்லாரும் கீழ விழுந்துருவாங்களா?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். அந்தக் காலத்துப் பெரியவர்களும் இதே பயத்தில்தான் இருந்தார்கள். சாமான் ஏற்றும் லிஃப்ட் முன்பே இருந்தது, ஆனால் கயிறு அறுந்து விபத்து நடந்தது உண்டு.

எலிஷா ஓட்டிஸ் என்ற இயந்திரத் தொழிலாளி 1854-இல் நியூயார்க் பொருட்காட்சியில், கூட்டத்தின் முன்னால் ஒரு மேடையில் ஏறி நின்று, அதை உயரத் தூக்கச் செய்தார். பிறகு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கியது, உடனே நின்றுவிட்டது. ரகசியம் மேடையின் தலைப்பக்கத்தில் இருந்த கனமான ஸ்பிரிங். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை அந்த ஸ்பிரிங் வளைந்தே இருக்கும். கயிறு அறுந்ததும் விட்டென்று நிமிரும். இரண்டு பக்கமும் சட்டங்களில் பல் பல்லாக வெட்டி வைத்திருப்பார்கள். நிமிர்ந்த ஸ்பிரிங்கின் முனைகள் அந்தப் பற்களில் மாட்டிக்கொள்ளும். இன்றைய லிஃப்டுகளில் கயிறே பல எஃகு வடங்கள், அதற்கு மேல் வேகம் கூடினால் பிடித்து நிறுத்தும் பிரேக்கும் உண்டு. பயப்படாமல் ஏறுங்கள்.

1857-இல் நியூயார்க் பிராட்வே சாலையில் ஒரு 5 மாடிக் கடையில் ஓட்டிஸின் முதல் பயணிகள் லிஃப்ட் ஓடியது, நீராவி இயந்திரத்தால். 1870-இல் அதே ஊரில் ஈக்விடபிள் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் வைத்தது. இதற்குப் பிறகு ஒரு பெரிய மாற்றம் வந்தது. முன்பெல்லாம் படியேறிச் சாக வேண்டும் என்பதால் மேல் மாடிக்குத்தான் வாடகை குறைவு. லிஃப்ட் வந்ததும், தெருப் புழுதியும் குதிரைச் சாண நாற்றமும் எட்டாத மேல் மாடிக்கு வாடகை ஏறிவிட்டது.

ஏன் சிகாகோல ஆரம்பிச்சுது? வேற ஊரே இல்லையா?

1871 அக்டோபர் 8 இரவு சிகாகோவில் ஒரு பெரும் தீ பிடித்தது. அந்த ஊரில் வீடு, நடைபாதை என்று எங்கு பார்த்தாலும் மரம். இரண்டு நாள் எரிந்த தீயில் 17,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். திருமதி ஓலியரி என்பவரின் மாடு விளக்கை உதைத்ததால்தான் தீ பிடித்தது என்று ஒரு கதை பல புத்தகங்களில் இருக்கும். அதற்கு ஆதாரம் கிடையாது. 1997-இல் சிகாகோ நகர மன்றமே அந்த அம்மாள் மீதும் மாட்டின் மீதும் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது. பாவம், அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் பழியைச் சுமந்தார்.

ஊரைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. வியாபாரம் பெருகியது. ஆனால் கடைத்தெருப் பகுதியைச் சுற்றி ஒரு பக்கம் ஏரி, இரண்டு பக்கம் ஆறு, தெற்கே ரயில் பாதைகள். விரிய இடமில்லை, நிலத்தின் விலை எகிறியது. பக்கவாட்டில் போக முடியாதவர்கள் மேலே போனார்கள்.

தீ இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. இரும்பு எரியாது, ஆனால் கடும் சூட்டில் இளகி வளைந்துவிடும். அதனால் தூண்களையும் பீம்களையும் சுட்ட மண் ஓடுகளால் சுற்றி மூடினார்கள்.

இவ்வளவு எடை நின்னா மண்ணு உள்ள போயிராதா?

போகும். சிகாகோவுக்கு அடியில் ஆழமாக இருப்பது மெத்தென்ற களிமண். 1882-இல் கட்டிய 10 மாடி மான்டாக் கட்டடத்துக்கு ஜான் ரூட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வழி செய்தார். ரயில் தண்டவாளங்களை ஒரு அடுக்கு நெடுக்காக, அடுத்த அடுக்கு குறுக்காக வைத்து மேலே கான்கிரீட் கொட்டினார். ஒரு தூணின் எடை ஒரே இடத்தில் குத்தாமல் அகலமாகப் பரவியது. பிறகு இன்னும் கனமான கட்டடங்கள் வந்தபோது, களிமண்ணைத் தாண்டிக் கெட்டியான தரைவரை தோண்டி அங்கே தூண்களை ஊன்றினார்கள். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்கு அடியில் கெட்டிப் பாறை இருக்கிறது, அது பெரிய உதவி.

பெரிய காத்து அடிச்சா சாஞ்சிடாதா?

உயரம் கூடக் கூட, எடையைவிடக் காற்றுதான் பெரிய கவலை. நான்கு கம்பிகளால் செய்த சதுரத்தைப் பக்கத்திலிருந்து தள்ளினால் கோணலாகிவிடும். மூன்று கம்பிகளால் செய்த முக்கோணம் அசையாது. அதனால் தூணும் பீமும் சேரும் இடங்களில் சாய்வாகக் கம்பிகள் கொடுத்து இறுக்குவார்கள்.

1902-இல் நியூயார்க்கில் ஃப்ளாட்அயர்ன் என்ற முக்கோண வடிவக் கட்டடம் எழும்பியது. 87 மீட்டர் உயரம், கூர் முனையில் அகலம் வெறும் 2 மீட்டர். காற்று இதைத் தள்ளிவிடும் என்று பலர் சொன்னார்கள். 100 வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

மேல் மாடிக்குத் தண்ணி எப்படிப் போகும்?

நம் வீடுகளில் போலத்தான், மோட்டார் மாதிரி ஒரு பம்பு தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும். நியூயார்க் மொட்டை மாடிகளில் மரத்தாலான தண்ணீர்த் தொட்டிகளை இன்றும் பார்க்கலாம்.

யாரு உயரம்னு சண்டை போட்டாங்களாமே?

ஆமாம், நியூயார்க்கில். 1890 வரை அங்கே உயரமானது ஒரு தேவாலயத்தின் கோபுரம், 86 மீட்டர். அந்த ஆண்டு ஒரு செய்தித்தாள் அலுவலகம் அதைத் தாண்டியது. 1908-இல் தையல் மெஷின் செய்யும் சிங்கர் நிறுவனம் 187 மீட்டர். உங்கள் பாட்டி வீட்டில் இருக்கும் மெஷினில் அந்தப் பெயர் இருக்கலாம், தேடிப் பாருங்கள். 1909-இல் மெட்ரோபாலிட்டன் என்ற காப்பீட்டு நிறுவனம் 213 மீட்டர். 1913-இல் ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் விற்றே பணக்காரரான உல்வொர்த் 241 மீட்டர், அதுவும் கடன் வாங்காமல் ரொக்கமாக.

உச்சக்கட்டம் 1929-இல். கார் நிறுவன முதலாளி கிரைஸ்லரின் கட்டடமும் வால் ஸ்ட்ரீட் என்ற தெருவில் ஒரு வங்கிக் கட்டடமும் ஒரே நேரத்தில் எழும்பின. வங்கி ஜெயித்துவிட்டதாக நினைத்தது. கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வில்லியம் வான் ஆலன் 56 மீட்டர் நீளமுள்ள எஃகுக் கூர்முனை ஒன்றைத் துண்டு துண்டாகக் கட்டடத்துக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். அக்டோபர் 23 அன்று சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அதை உச்சி வழியாக வெளியே ஏற்றிப் பொருத்தினார்கள். 319 மீட்டர்! ஆனால் 1931-இல் எம்பயர் ஸ்டேட் 381 மீட்டரோடு வந்துவிட்டது.

பழைய கட்டடமெல்லாம் ஏன் படிக்கட்டு மாதிரி இருக்கு?

லிஃப்ட் பற்றிச் சொன்னபோது 1870-இன் ஈக்விடபிள் கட்டடம் வந்ததே, அது 1912-இல் எரிந்துபோனது. 1915-இல் அதே இடத்தில் அதே பெயரில், தெருவோரத்திலிருந்து நேர் செங்குத்தாக ஒரு பிரம்மாண்டம் எழுந்தது. அக்கம்பக்கத்துத் தெருக்களெல்லாம் நிழலில் மூழ்கின. 1916-இல் நகரம் சட்டம் போட்டது: குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால் கட்டடம் உள்வாங்க வேண்டும், தெருவுக்கு வெளிச்சம் விட வேண்டும். படிப்படியான வடிவம் இப்படி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது, தெருவில் நடப்பவர்களின் வெயிலுக்காகப் போட்டது.

எம்பயர் ஸ்டேட்டை ஒரே வருஷத்துல எப்படிக் கட்டினாங்க?

1930 மார்ச் 17-இல் வேலை தொடங்கி, 1931 மே 1-இல் திறந்தார்கள். 102 மாடி. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் சுமார் 3,400 பேர் உழைத்தார்கள். எஃகுத் துண்டுகள் தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டி, எண் போட்டு வந்தன. தூக்கி, அதனதன் இடத்தில் பொருத்தினால் போதும்.

பொருத்தியவர்களைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு நான்கு பேராக வேலை செய்தார்கள். ஒருவர் சின்ன உலையில் ரிவெட் ஆணியைச் சிவக்கக் காய்ச்சுவார். இடுக்கியால் எடுத்து அப்படியே வீசுவார். அடுத்தவர் அந்தரத்தில் பீம் மேல் நின்றுகொண்டு, தகர டப்பாவில் 'டங்' என்று அதைப் பிடித்து, துளையில் நுழைப்பார். மூன்றாமவர் ஆணியின் தலையை ஒரு பக்கம் அழுத்திப் பிடிப்பார். நான்காமவர் காற்றுச் சுத்தியலால் மறுமுனையை அடித்துத் தட்டையாக்குவார். ஆறும்போது ஆணி சுருங்கி இரண்டு எஃகையும் இறுக்கிக்கொள்ளும். இப்படி ஒவ்வோர் ஆணியாக!

இந்த வேலையில் மோஹாக் என்னும் பூர்வகுடி மக்கள் பேர்பெற்றவர்கள். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கிடையாது. அதிகாரபூர்வக் கணக்குப்படி 5 பேர் இந்தக் கட்டடத்தில் உயிரிழந்தார்கள்.

பீம் மேல உக்காந்து சாப்பிடுற அண்ணன்கள் படம் நிஜமா?

11 பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம்தானே? அது எம்பயர் ஸ்டேட் இல்லை. 1932 செப்டம்பரில், அதே நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் சென்டர் என்ற கட்டடத் தொகுதியில் எடுத்தது. ஆட்களும் நிஜமான தொழிலாளிகள், உயரமும் நிஜம். ஆனால் விளம்பரத்துக்காக உட்கார வைத்து எடுத்த படம்.

ஜென்னி கட்டினதுதான் முதல்னு எல்லாரும் ஒத்துக்கிறாங்களா?

இல்லை. ஹோம் இன்சூரன்ஸில் எடை முழுவதையும் எலும்புக்கூடு தாங்கவில்லை, ஒரு பங்கைக் கல் சுவரும் தாங்கியது. இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் 1797-இலேயே ஒரு நூற்பு ஆலைக்குள் இரும்புத் தூணும் இரும்பு பீமும் வைத்துவிட்டார்கள். லிஃப்டை வைத்துப் பார்த்தால் 1870-இன் ஈக்விடபிள்தான் முதல் என்று வாதாடுபவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், ஒரே கட்டடத்துக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்க முடியாது. ஓட்டிஸ், பெஸ்ஸமர், ரூட், ஜென்னி என்று ஆளுக்கொரு பங்கு போட்டார்கள். ஆனாலும் ஜென்னிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பின்னாளில் ஃப்ளாட்அயர்னை வடிவமைத்த டேனியல் பர்ன்ஹாம் உட்பட, அடுத்த தலைமுறையின் பெரிய ஆட்கள் பலர் இளம் வயதில் அவர் அலுவலகத்தில்தான் வேலை பழகினார்கள்.

இதையெல்லாம் இப்பப் போய்ப் பாக்க முடியுமா?

ஹோம் இன்சூரன்ஸை முடியாது, 1931-இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்னும் உயரமான கட்டடம் வந்துவிட்டது. சிங்கர் கட்டடத்தையும் 1960-களின் கடைசியில் இடித்தார்கள். மொனாட்நாக், ஃப்ளாட்அயர்ன், உல்வொர்த், கிரைஸ்லர், எம்பயர் ஸ்டேட் எல்லாம் நிற்கின்றன.

அமெரிக்கா போக வேண்டாம் என்றால் சென்னை அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பாருங்கள். 1959-இல் திறந்தபோது 177 அடியோடு இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதுவும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துடையது, கவனித்தீர்களா? ஹோம் இன்சூரன்ஸ், ஈக்விடபிள், மெட்ரோபாலிட்டன் எல்லாமே அப்படித்தான். மக்கள் பல வருஷம் கட்டும் பணம் அவர்களிடம் சேரும், கணக்கு எழுத நூற்றுக்கணக்கில் ஆட்கள் உட்கார இடம் வேண்டும், "எங்களை நம்பலாம்" என்று ஊருக்குக் காட்டவும் வேண்டும். எதிர்ச் சாரி நடைபாதையில் நின்று மாடிகளை எண்ணிப் பாருங்கள், கழுத்து வலிக்காமல் எண்ணி முடித்துவிடலாம்.